பி.கே. பானர்ஜியின் பயிற்சியாளர் வாழ்வு: வெறும் பேச்சா, அதற்கும் மேலா?

வலதுவிங்கர்:

பி.கே. பானர்ஜியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலோர் இரண்டு செய்திகளோடு நிறுத்திவிடுகிறார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவராக இருந்து பிரான்சுக்கு எதிராக அவர் அடித்த கோல் ஒன்று. பயிற்சியாளரான பிறகு, ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் அவர் ஆற்றிய உரை மற்றொன்று. கொல்கத்தாவில் அதற்கு 'வோகல் டானிக்', அதாவது பேச்சாலான டானிக், என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதல் செய்தியில் எனக்குக் குறையில்லை. இரண்டாவதுதான் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. முப்பது ஆண்டுக் காலப் பயிற்சிப் பணியை ஒரு பத்து நிமிடப் பேச்சுக்குள் அடக்கிவிட்டு, அதையே புகழ்ச்சி என்று நம்புவது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி என்று கருதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1936 ஜூன் 23 அன்று ஜல்பாய்குரிப் பகுதியில் பிறந்தவர், ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். கொல்கத்தாவுக்கு வந்து முதலில் ஆரியன் அணியிலும், 1955 முதல் ஈஸ்டர்ன் ரயில்வே அணியிலும் ஆடினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், 1961இல் அர்ஜுனா விருது. காயங்களின் காரணமாக 1967இல் ஓய்வு பெற்றார். இத்தனைக்கும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரு பெரிய அணிகளின் சட்டையை அவர் ஒருநாளும் அணிந்ததில்லை. அப்படிப்பட்டவர் பிற்பாடு அந்த இரண்டு அணிகளுக்கும் மாறி மாறிப் பயிற்சியாளராகி, இரு தரப்பு ரசிகர்களிடமும் மரியாதை பெற்றார் என்பதே ஆராய வேண்டிய செய்தி. அதை ஆராயத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

கடைசித்தடுப்பு:

தயங்காமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ஆட்டக்காரர் பி.கே.யைப் பற்றி எனக்கு ஒரு சொல் மறுப்பும் இல்லை. பயிற்சியாளரைப் பற்றித்தான் ஐயம்.

அவர் 1972இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தபோது அந்த அணி ஏற்கெனவே 1970, 1971 ஆண்டுகளில் கொல்கத்தா லீக்கை வென்றிருந்தது. முகமது ஹபீப், சுதீர் கர்மாகர் போன்றவர்கள் ஆடிய காலம் அது. லீக்கைத் தொடர்ச்சியாக ஆறு ஆண்டுகள், 1975 வரை, வென்றார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம்; அந்தத் தொடரின் முதல் இரண்டு ஆண்டுகள் பி.கே. வருவதற்கு முந்தியவை. நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று அணிகளிலேயே குவிந்து கிடந்த ஊரில் கோப்பை எண்ணிக்கையை வைத்துப் பயிற்சியாளரின் தரத்தை அளப்பது சரியாகுமா? சிந்தனையாளர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் அமல் தத்தாவைத்தான் சொல்வேன். இங்கிலாந்துக்குப் போய்ப் பயிற்சிக்கலையைப் படித்துவிட்டு வந்தவர், ஆட்ட அமைப்பைப் பற்றி இங்கே ஒருவரும் பேசாத காலத்தில் பேசியவர்.

நடுக்களத்தான்:

நண்பர் கடைசித்தடுப்பு சொல்லும் தர்க்கத்துக்கு விடை 1976ஆம் ஆண்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையின் இறுதியாட்டத்தில் பி.கே.யின் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று தோற்கடித்தது. சியாம் தாப்பா அன்று இரண்டு கோல் அடித்தார். ஒரு பெனால்டியைத் தவறவும் விட்டார். மோகன் பகான் ரசிகர்களின் வீடுகளில் பல ஆண்டுகள் ஆறாத காயம் அது. அந்தக் காயத்தை உண்டாக்கிய பயிற்சியாளரையே மறு ஆண்டு மோகன் பகான் அழைத்துக்கொண்டது, அவரும் போனார். அந்த 1976இல் லீக் கோப்பை ஏழு ஆண்டுகளில் முதன்முறையாக மோகன் பகானுக்கு வந்தது. அந்த லீக்கின் டெர்பியில், அதாவது இவ்விரு அணிகளும் மோதிய ஆட்டத்தில், முகமது அக்பர் 17ஆவது விநாடியில் கோல் அடித்ததை இன்றும் பேசுகிறார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் இருந்ததால்தான் வென்றார் என்றால், பயிற்சியாளர் அணி மாறியபோது கோப்பையும் ஏன் கூடவே மாறியது?

இதிலும் ஒரு நேர்மை வேண்டும் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன்: சுபாஷ் பௌமிக் உள்ளிட்ட ஆட்டக்காரர்களும் அவ்வாண்டு அணி மாறினார்கள், மறு ஆண்டு 1977இல் லீக் ஈஸ்ட் பெங்காலுக்கே திரும்பிவிட்டது. ஆகவே இதை முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1977இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, டூராண்டு, ரோவர்ஸ் என்ற மூன்று கோப்பைகளையும் மோகன் பகான் ஒரே பருவத்தில் வென்றது. லீக்கை இழந்து தலைகுனிந்த அணியை அதே ஆண்டில் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது வெறும் பேச்சால் நடக்கிற காரியமா?

பழையகேலரி:

பௌமிக்கின் பெயர் வந்ததால் அவரைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பி.கே.யின் பயிற்சிமுறைக்கு அவரைவிடத் தெளிவான சான்று வேறு இல்லை.

சுபாஷ் பௌமிக் 1973இல் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தபோது அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்துவிட்டது என்றே பலர் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். ஆற்றல் மிக்க உடல், கட்டுக்குள் நிற்காத ஆட்டம். பி.கே. அவரைத் தனியாக எடுத்துக்கொண்டார். முழு அணியும் பயிற்சி முடித்துப் போன பிறகும் ஒருவரை மட்டும் நிறுத்தி, ஒரே ஓட்டத்தையும் ஒரே கிராஸையும் மீண்டும் மீண்டும் செய்யவைப்பது உடைமாற்றும் அறைப் பேச்சுப்போலப் பத்திரிகைச் செய்தியாவதில்லை. அதைப் பார்ப்பதற்குக் கேலரியில் ஆள் இருப்பதில்லை. ஆனால் வலது ஓரத்திலேயே வாழ்ந்த விங்கரான பி.கே., ஓரத்தில் ஓடும் இன்னொருவருக்கு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அறிந்திருந்தார். அடுத்த மூன்று பருவங்களில் பௌமிக் கொல்கத்தாவின் மிக அஞ்சத்தக்க முன்கள ஆட்டக்காரர்களில் ஒருவரானார்.

கதை அதோடு முடியவில்லை. அதே பௌமிக் பின்னாளில் பயிற்சியாளராகி, 2003இல் ஈஸ்ட் பெங்கால் அணியை ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்று, ஆசியான் கிளப் கோப்பையை வென்றார். இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. தேரோ சாசனா அணியை 3-1 என்று வீழ்த்தினார்கள். 1962இல் பி.கே. கோல் அடித்துத் தங்கம் வென்ற அதே நகரம். ஒரு பயிற்சியாளர் எதை விட்டுச் சென்றார் என்று கேட்பவர்கள் கோப்பை அலமாரியை மட்டும் பார்க்காமல் இத்தகைய மனிதர்களையும் பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

சீட்டியொலி:

காஸ்மாஸ் ஆட்டத்தை இதுவரை ஒருவரும் குறிப்பிடவில்லையே. 1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன்ஸ். பெலே தம்முடைய கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு கொல்கத்தா வந்தார். 1970இல் உலகக் கோப்பையைத் தூக்கிய பிரேசில் அணித்தலைவர் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ, இத்தாலியின் கினாலியா ஆகியோரும் அந்த அணியில் இருந்தார்கள். எதிரே பி.கே.யின் மோகன் பகான். மழையில் நனைந்த மைதானம்.

முதல் கோலை கார்லோஸ் ஆல்பெர்ட்டோ அடித்தார். தாப்பாவும் ஹபீபும் பதில் கோல்கள் அடித்து மோகன் பகானை 2-1 என்று முன்னிலைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஒரு பெனால்டியால் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. பெலேயின் ஃப்ரீ கிக்கை சிவாஜி பானர்ஜி பாய்ந்து தடுத்ததும், பெலேயை கௌதம் சர்க்கார் நிழல்போலத் தொடர்ந்ததும் எல்லாரும் அறிந்தவை. பெலேயைப் பார்த்து வாய்பிளந்து நிற்க வேண்டிய இளைஞர்கள், அவரை ஒரு சாதாரண முன்கள ஆட்டக்காரராக எண்ணி அடக்கி ஆடினார்கள். அந்த மனநிலையை உண்டாக்கியது பேச்சாக இருக்கலாம். யார் யாரைத் தொடர வேண்டும், எந்த இடத்தில் விட்டுவிட வேண்டும் என்பது பேச்சில்லை, திட்டம்.

நான்கே நாளில் ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று வென்றார்கள். அந்த கோலும் தாப்பாவுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எதிர்ச் சட்டையில் இரண்டு கோல் அடித்தவர்!

கடைசித்தடுப்பு:

நீங்கள் எல்லாரும் சொல்வது கிளப் ஆட்டங்களைப் பற்றியது. நாட்டு அணியைப் பற்றியும் பேச வேண்டும் அல்லவா? 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் பயிற்சியாளர் அவர்தான். சொந்த மண், நீண்ட தயாரிப்பு, நிறைய எதிர்பார்ப்பு. குழு ஆட்டங்களில் பங்களாதேஷையும் மலேசியாவையும் வென்று, சீனாவோடு 2-2 என்று சமன் செய்துவிட்டு, காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் 0-1 என்று தோற்றோம். 1970 பாங்காக்கில் பெற்ற வெண்கலத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்கு ஒரு பதக்கமும் வரவில்லை. பேச்சால் ஒரு நாளை வெல்லலாம், ஒரு டெர்பியை வெல்லலாம். ஆனால் மேற்கு ஆசிய நாடுகள் பணமும் வெளிநாட்டுப் பயிற்சியும் கொண்டு தங்கள் ஆட்டத்தையே மாற்றியமைத்துக்கொண்டிருந்தபோது, நமக்கு வேண்டியிருந்தது வேறு வகை அறிவு. பி.கே.யிடம் அது இருந்ததா என்பதே என் கேள்வி.

நடுக்களத்தான்:

நியாயமான கேள்வி, மழுப்ப விரும்பவில்லை. 1982 அணி குறித்து எனக்கும் ஏமாற்றம் உண்டு. காலிறுதியில் கோல் விழுந்தது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில். அதுவரை தாக்குப்பிடித்த அணிக்கு அதன் பிறகு பதிலடி கொடுக்க நேரமில்லை. வேகத்தில் சவூதி ஆட்டக்காரர்கள் நம்மைவிட மேம்பட்டிருந்தார்கள் என்பது மறுக்க முடியாத உண்மை.

ஆனாலும் ஒரு நாட்டின் கால்பந்துக் கட்டமைப்பு தேங்கிப்போனதற்கு ஒரு பயிற்சியாளரைப் பொறுப்பாக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆண்டு முழுதும் லீக், ஷீல்டு, டூராண்டு, ரோவர்ஸ் என்று கிளப்புகளுக்காக ஓடிக் களைத்த ஆட்டக்காரர்களை, இடையில் கிடைத்த முகாம்களில் வைத்துத்தான் நாட்டு அணிப் பயிற்சியாளர் எதையும் செய்ய வேண்டியிருந்தது. முதன்மையான தேசிய லீக் ஒன்று 1996 வரை நம்மிடம் இல்லை.

வலதுவிங்கர்:

விவாதம் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. இந்தப் பேச்சுக்கலையை பி.கே. எங்கிருந்து பெற்றார் என்பதை எடுத்துச் சொன்னால் நண்பர் கடைசித்தடுப்பின் ஐயம் ஓரளவு தெளியும் என்று நம்புகிறேன்.

அவருடைய ஆசான் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். அடிப்படையில் பள்ளி ஆசிரியர். 1956, 1960, 1962 மூன்று அணிகளுக்கும் அவரே பயிற்சியாளர். ஜகார்த்தாவில் தென் கொரியாவிடம் முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்றுவிட்டு, தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று கடந்து, இறுதியில் மறுபடியும் தென் கொரியாவையே சந்தித்தார்கள். மைதானம் முழுவதும் நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. ரஹீமுக்குப் புற்றுநோய், 1963 ஜூனில் அவர் இறந்துவிட்டார். இறுதியாட்டத்துக்கு முன் வீரர்களிடம் அவர் தமக்கொரு பரிசாகத் தங்கத்தைக் கேட்டார் என்று அந்த அணியினர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பி.கே.யின் 'வோகல் டானிக்' அந்த அறையில் பிறந்தது என்பது என் கணிப்பு.

ஆனால் ரஹீம் பேசியதோடு நின்றுவிடவில்லை. தலையில் அடிபட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் நிறுத்தினார். இறுதியாட்டத்தில் பி.கே. ஒரு கோல் அடித்தார். மற்றொன்றை அடித்தவர் அந்த ஜர்னைல் சிங். 2-1, தங்கம். மனிதர்களின் மனத்தைப் படிப்பதும் ஆட்டக்களத்தைப் படிப்பதும் வெவ்வேறு வேலைகள் என்று பிரிக்காத ஒருவரிடம் பயின்றவர், தாம் பயிற்சியாளரானபோது மட்டும் அவற்றைப் பிரித்துவிட்டாரா என்ன? நமக்குக் கேட்டது பாதி. மீதியைக் களத்தில்தான் பார்த்திருக்க வேண்டும்.

சீட்டியொலி:

ரஹீமின் மாணவர்கள் என்று பேசும்போது நம்முடைய சைமன் சுந்தரராஜை விட்டுவிடக் கூடாது. 1960 ரோம் அணியில் பி.கே.யின் தலைமையில் சென்றவர், தமிழ்நாட்டுக்காரர். 1973 டிசம்பரில் கொச்சியில் ரயில்வே அணியை 3-2 என்று வென்று மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதன்முறையாகக் கைப்பற்றியபோது அந்த அணியின் பயிற்சியாளர் அவர்தான். அணித்தலைவர் மணி மூன்று கோல்களையும் அடித்தார். கேரளத்தில் அந்த வெற்றியை இன்றும் கொண்டாடுகிறார்கள். நாம் எத்தனை பேர் அவரை நினைக்கிறோம்? செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமும் அப்படித்தான். சுனி (சுனி கோஸ்வாமி), பி.கே., பலராம் என்று ஒரே மூச்சில் சொல்லப்பட்ட மூவரில் மிகக் குறைவாக எழுதப்பட்டவர் அவர். தனி இழை தொடங்குவேன்.

பழையகேலரி:

1997 ஜூலை 13. அப்போது வேலை நிமித்தமாகக் கொல்கத்தாவில் இருந்தேன். சால்ட் லேக் மைதானத்தின் மேல் கேலரியில் அன்று நானும் இருந்தேன். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. வந்தவர்கள் 1,31,000க்கும் மேல் என்று பின்னர் செய்தியில் படித்தேன். உள்ளே இருந்தவனுக்கு எண்ணிக்கை ஒன்றும் தெரியவில்லை, காங்கிரீட் அதிர்வது மட்டும் தெரிந்தது.

நண்பர் கடைசித்தடுப்பு போற்றும் அமல் தத்தா மோகன் பகானின் பயிற்சியாளர். நடுக்களத்தில் நால்வரை வைரம்போல நிறுத்தும் 'டைமண்ட்' அமைப்போடு எதிரணிகளை நொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். எதிரே ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பி.கே. ஆட்டத்துக்கு முந்திய நாள்களில் தத்தா எதிரணி ஆட்டக்காரர்களைக் கேலியாகப் பேசியது செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்தது. பாய்ச்சுங் பூட்டியாவும் அதில் தப்பவில்லை. பி.கே. வெளியில் அதிகம் பதில் சொல்லவில்லை. அந்தச் சொற்களையெல்லாம் தம் வீரர்களுக்குள் எரிபொருளாக ஊற்றினார்.

முடிவு 4-1. நாஜிமுல் ஹக் ஒன்று, பூட்டியா மூன்று. மோகன் பகானுக்காக சீமா ஒகோரி ஒன்று. அன்றைய வெற்றியை எல்லாரும் பேச்சின் வெற்றி என்று எழுதினார்கள். நான் பார்த்தது வேறு. தாக்குவதற்காக மேலே ஏறிவந்த மோகன் பகானின் பின்புறத்தில் விரிந்து கிடந்த வெற்றிடத்தை நோக்கி, பந்து கிடைத்த மறுகணமே, நீளமாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பூட்டியாவின் வேகத்துக்கு அந்த வெற்றிடம் போதுமானதாக இருந்தது. வைரத்தின் நான்கு முனைகளும் நடுவில் நெருங்கி நிற்க, ஓரங்கள் திறந்து கிடந்தன. ஓரங்களை ஒரு பழைய விங்கருக்குக் காட்டவா வேண்டும்?

அந்த ஈஸ்ட் பெங்கால் அணி இறுதியாட்டத்தில் கோவாவின் சால்கோக்கர் அணியிடம் தோற்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவில் அந்தத் தோல்வியைப் பற்றிப் பேசுபவர்களை நான் கண்டதில்லை.

கடைசித்தடுப்பு:

நேரில் பார்த்தவரின் சொல்லுக்கு முன் என் வாதத்தை ஒரு படி இறக்கிக்கொள்கிறேன். 1997 ஆட்டத்தை நான் இதுவரை தத்தாவின் தோல்வி என்றே படித்துவந்தேன், பி.கே.யின் திட்டமாகப் படிக்கவில்லை. இருந்தாலும் என் அடிப்படைக் குறை மாறவில்லை. தாம் அறிந்ததை அவர் எழுதி, முறைப்படுத்தி, அடுத்த தலைமுறைப் பயிற்சியாளர்களுக்குப் பாடமாக விட்டிருக்க வேண்டும். அவரோடு மறைந்துவிடும் அறிவால் நாட்டுக்கு என்ன பயன்?

வலதுவிங்கர்:

அந்தக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. 1991 முதல் 1997 வரை அவர் ஜாம்ஷெட்பூரில் டாட்டா கால்பந்து அகாடமியின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தார். தாம் பந்தை உதைக்கக் கற்ற ஊருக்கே திரும்பிச் சென்று, கொல்கத்தாவின் கூச்சலுக்கு வெளியே, பதின்பருவத்துச் சிறுவர்களோடு அத்தனை ஆண்டுகள் செலவிட்டார். அங்கே கோப்பையும் கிடையாது, டெர்பியும் கிடையாது, உரை ஆற்றினால் எழுதிக்கொள்ள நிருபரும் கிடையாது. காலையில் எழுந்து பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டியதுதான். பேச்சை நம்பி வாழ்ந்த ஒருவர் தேர்ந்தெடுக்கும் வேலையா அது? புத்தகம் எழுதியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

நடுக்களத்தான்:

பெரிய அணிச் சட்டையை அணியாதவர் என்று தொடக்கத்தில் வலதுவிங்கர் எழுதியிருந்தார். அதன் விளைவை யாரும் தொடவில்லை என்பதால் ஒன்று சேர்க்கிறேன். 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே கொல்கத்தா லீக்கை வென்றது; பி.கே. அதன் முதன்மை ஆட்டக்காரர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றும் கோலோச்சிய லீக்கில், சிறிய அணியொன்று பலம் குறைந்த ஆட்டக்காரர்களை ஒன்றுசேர்த்து ஒரு பருவம் முழுவதும் எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதை அவர் இருபத்திரண்டு வயதிலேயே உள்ளிருந்து பார்த்துவிட்டார். 1980இல் ஈஸ்ட் பெங்காலின் ஆட்டக்காரர்கள் பலர் ஒட்டுமொத்தமாக வெளியேறிய பிறகு, மிஞ்சியவர்களையும் மஜித், ஜம்ஷித் என்ற ஈரானிய இளைஞர்களையும் வைத்து அவர் அணி கட்டி, ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டதை நான் அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

அந்த 1958 வெற்றிக்குப் பின் மூன்று பெரிய அணிகளைத் தவிர வேறொரு அணி கொல்கத்தா லீக்கை வெல்ல 61 ஆண்டுகள் ஆயின. 2019இல் பியர்லெஸ் அணி வென்றது. பி.கே. 2020 மார்ச் 20 அன்று மறைந்தார்; அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அது நடந்தது.